கடவுச்சீட்டின் கதை – 11: 1985, ஒரே கோடையில் இரண்டு முடிவுகள்

1985ஆம் ஆண்டு மே மாத இறுதியில், இலங்கைக் குடிமக்கள் இனி விசா பெறாமல் பிரிட்டனுக்குள் வர முடியாது என்று லண்டன் அறிவித்தது. காமன்வெல்த் நாடு ஒன்றின் மக்களுக்குப் பிரிட்டன் விசாவைக் கட்டாயமாக்கியது அதுவே முதல் முறை. ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, ஜூன் 14ஆம் தேதி, லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற சிற்றூரை ஒட்டிய மொசெல் ஆற்றில், 'பிரின்சஸ் மரி-அஸ்ட்ரிட்' என்ற கப்பலில் ஐந்து ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். தங்களுக்கிடையிலான எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்குவது என்று அவர்கள் கையெழுத்திட்டார்கள். இரு முடிவுகளையும் எடுத்தவர்கள் வேறு; காரணங்களும் வேறு. ஆனாலும் அடுத்த பத்தாண்டுகளில் இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்களாயின. இன்று பாஸ்போர்ட்டுகள் வலியவை, எளியவை என்று தரம் பிரிக்கப்படுவதற்கான அடித்தளம் அந்தப் பத்தாண்டில்தான் விழுந்தது.

விசா செய்யும் வேலை

பாஸ்போர்ட்டை வழங்குவது பயணியின் சொந்த நாடு. இவர் எங்கள் குடிமகன், திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்வோம் என்பதற்கான சான்று அது. விசாவை வழங்குவது அவர் போக விரும்பும் நாடு. ஆகவே ஒரு பாஸ்போர்ட்டின் வலிமை, அதை அச்சிட்ட அரசின் கையில் முழுமையாக இல்லை. மற்ற அரசுகள் அந்தக் குடிமக்களைப் பற்றி என்ன நினைக்கின்றன என்பதைப் பொறுத்தே அது கூடுகிறது, குறைகிறது.

விசா தேவையில்லை என்றால் சோதனையே இல்லை என்று பொருளல்ல. பயணி விமானத்திலோ கப்பலிலோ ஏறி வந்து சேரலாம். உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை வந்திறங்கும் இடத்தில் இருக்கும் குடிவரவு அதிகாரி முடிவு செய்வார். விசா கட்டாயமானதும் அந்த முடிவு பயணியின் சொந்த ஊருக்கு இடம் பெயர்ந்துவிடுகிறது. கொழும்பிலோ சென்னையிலோ உள்ள தூதரக அதிகாரி மறுத்துவிட்டால் பயணம் தொடங்குவதே இல்லை. வந்து சேர்ந்தவருக்கு வழக்கறிஞர், நீதிமன்றம், மேல்முறையீடு என்று சில வழிகள் உண்டு. வந்தே சேராதவருக்கு அவற்றில் எதுவும் எட்டாது. 1985 முடிவின் கனத்தை உணர இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முந்தைய நிலை

முதல் உலகப்போர் காலத்தில் நெருக்கடி நடவடிக்கையாகக் கொண்டுவரப்பட்ட பாஸ்போர்ட், விசா முறை, போர் முடிந்ததும் போய்விடும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். உலக நாடுகள் சங்கம் 1920 அக்டோபரில் பாரிஸில் கூட்டிய மாநாடு அதை ஒழிக்கவில்லை, சீர்படுத்தியது. 32 பக்கங்கள் கொண்ட ஒரே மாதிரியான புத்தகம் என்ற வடிவம் அங்கே பரிந்துரைக்கப்பட்டதுதான். 1926இல் ஜெனீவாவில் மீண்டும் கூடியபோதும் ஒழிப்பது குறித்து உடன்பாடு எட்டப்படவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேற்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றோடொன்று தனித்தனி ஒப்பந்தங்கள் செய்து விசாவைக் கைவிடத் தொடங்கின. வட ஐரோப்பிய நாடுகள் 1952இல் தங்கள் குடிமக்கள் பாஸ்போர்ட் இன்றியே ஒன்றுக்கொன்று போய்வர வழி செய்தன. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய மூன்றும் 1960இல் செய்துகொண்ட ஒப்பந்தம், தங்களுக்குள் ஆட்களைச் சோதிப்பதை வெளி எல்லைக்கு நகர்த்தியது. ஷெங்கனுக்கு முன்மாதிரி அதுதான்.

பிரிட்டனின் கதை வேறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, இந்தியா, இலங்கை உட்பட காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் பிரிட்டனுக்குள் வரவும் வேலை செய்யவும் உரிமை பெற்றிருந்தார்கள். 1962இல் வந்த காமன்வெல்த் குடிவரவுச் சட்டம் வேலைக்கு வருவோரிடம் அனுமதிச் சீட்டு கேட்டு அந்த உரிமையைக் குறுக்கியது. 1968, 1971 சட்டங்கள் அதை மேலும் சுருக்கின. ஆயினும் சுற்றுலாவுக்கோ உறவினரைப் பார்க்கவோ வரும் காமன்வெல்த் குடிமகனுக்கு விசா தேவைப்படவில்லை. பேரரசு மறைந்தபின் எஞ்சியிருந்த சலுகைகளில் அது ஒன்று.

ஐரோப்பாக் கண்டத்தில் கதவு அதற்கு முன்பே சாத்தப்படத் தொடங்கிவிட்டது. 1973இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து மேற்கு ஜெர்மனி வெளிநாட்டுத் தொழிலாளர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. வேலைக்கு வரும் வழி அடைபட்டபின் அகதி விண்ணப்பங்கள் பெருகின. 1980இல் அந்நாடு இலங்கை, ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா ஆகியவற்றுக்கும், பிறகு அதே ஆண்டில் துருக்கி, இந்தியா, வங்கதேசம் ஆகியவற்றுக்கும் விசாவைக் கட்டாயமாக்கியது.

லாரிகளில் தொடங்கிய ஷெங்கன்

ஷெங்கன் உடன்பாட்டுக்கு உடனடித் தூண்டுதல் பெரிய கொள்கை எதுவுமில்லை; சாலை மறியல். 1984இன் தொடக்கத்தில் இத்தாலிய, பிரெஞ்சு சுங்க ஊழியர்கள் விதிப்படி வேலை என்ற போராட்டத்தில் இறங்க, ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் லாரிகள் நாட்கணக்கில் தேங்கின. பொறுமையிழந்த ஓட்டுநர்கள் சாலைகளை மறித்தார்கள். பொதுச் சந்தை என்ற பேச்சு கால் நூற்றாண்டாக நடந்துகொண்டிருந்தும் ஒரு சரக்கு லாரி எல்லையைக் கடக்க முடியாத நிலை அரசுகளைச் சங்கடப்படுத்தியது. அவ்வாண்டு ஜூலையில் ஜெர்மன் பிரதமர் ஹெல்முட் கோலும் பிரெஞ்சு அதிபர் பிரான்சுவா மித்தரானும் தங்கள் பொது எல்லையில் சோதனையைத் தளர்த்த சார்ப்ரூக்கன் நகரில் உடன்பாடு செய்தார்கள். முன்பே தமக்குள் சோதனையை நீக்கியிருந்த பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் அதில் சேர விரும்பின.

அப்படித்தான் ஐந்து நாடுகளும் ஷெங்கனுக்கு வந்தன. பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க் மூன்றும் சந்திக்கும் இடம் அது என்பதே அந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம். ஐரோப்பியச் சமூகத்தில் அன்று பத்து நாடுகள் இருந்தன; அவற்றில் பாதிதான் கையெழுத்திட்டன. வந்தவர்களும் பிரதமர்களோ வெளியுறவு அமைச்சர்களோ அல்லர். அடுத்த நிலையில் இருந்தவர்கள். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1985 உடன்பாட்டின் உள்ளடக்கமும் எளியது. கார்கள் எல்லையில் நிற்க வேண்டாம். வேகத்தைக் குறைத்துக் கடந்தால் போதும், அதிகாரிகள் பார்வையால் மட்டும் கண்காணிப்பார்கள். தன்னிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று அறிவிக்க விரும்பும் ஓட்டுநர், குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள பச்சை வட்டம் ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளலாம். சோதனையை முழுமையாக நீக்குவது தொலை இலக்காக வைக்கப்பட்டது. அதற்கு ஈடாக விசாக் கொள்கையை ஒத்திசைப்பது, வெளி எல்லையைப் பலப்படுத்துவது ஆகியவை அதே ஆவணத்தில் இடம்பெற்றன. உள்ளே சோதனை இல்லாவிட்டால், ஒரு நாடு விடும் ஆள் ஐந்து நாட்டுக்குள்ளும் போய்விடுவார் அல்லவா? திறப்பும் அடைப்பும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டதன் காரணம் இதுதான்.

லண்டன் அடைத்த வழி

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்செயல்களும், அதைத் தொடர்ந்து மூண்ட போரும் பல்லாயிரவரை நாட்டைவிட்டுத் துரத்தின. பெரும்பாலானோர் பாக் நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். விமானச் சீட்டு வாங்க முடிந்தவர்களில் ஒரு பகுதியினர் ஐரோப்பாவுக்குப் போனார்கள். விசா தேவையில்லாத பிரிட்டன் அவர்களுக்கு எட்டக்கூடிய நாடாக இருந்தது. 1985 மே மாதத்தில் வருகை கூடியபோது, உள்துறை அமைச்சர் லியோன் பிரிட்டன் விசாக் கட்டுப்பாட்டை உடனடியாக நடைமுறைப்படுத்தினார்.

இதில் சட்டச் சிக்கல் ஒன்று இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, ஒருவர் நாட்டுக்குள் வந்து சேர்ந்தபின் அவரை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் வந்து சேர வழிவிட வேண்டும் என்று அது எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை. அகதியாக வரப்போகிறேன் என்று சொல்லி வாங்கக்கூடிய விசா வகையும் கிடையாது. எனவே போர் நடக்கும் நாட்டின் பாஸ்போர்ட்டுக்கு விசா விதிப்பது, உடன்படிக்கையை மீறாமலேயே அதைச் செயலற்றதாக்கும் வழியாகிறது. தப்பி ஓடவேண்டிய தேவை எந்த நாட்டு மக்களுக்கு அதிகமோ, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டே வலிமை குன்றிப்போவது இதனால்தான்.

இலங்கையோடு அது நிற்கவில்லை. 1986 அக்டோபரில் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களுக்கும் பிரிட்டன் விசாவைக் கொண்டுவந்தது; கானா, நைஜீரியாவும் அதே அறிவிப்பில் சேர்க்கப்பட்டன. விதி அமலாகும் முன் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று பயணிகள் விரைந்ததில் ஹீத்ரோ விமான நிலையம் திணறியது. பிரிட்டிஷ் இந்தியா காலம் தொட்டு, விசா இன்றி லண்டன் போய்வர முடிந்த நிலை இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அத்துடன் முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, பஞ்சாப் நெருக்கடியின்போது, இந்தியாவும் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியிருந்தது.

1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்படவிருந்த ஈழத்தமிழர் குழு ஒன்று, விமானத்துக்கு அருகே ஆடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டியது. உடனடி வெளியேற்றத்தை நீதிமன்றம் தடுத்தது. அரசு அதே ஆண்டில் புதிய சட்டம் ஒன்றால் பதில் சொன்னது. உரிய ஆவணமில்லாத பயணி ஒருவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனமோ கப்பல் நிறுவனமோ தலைக்கு 1,000 பவுண்டு கட்ட வேண்டும். இதன்பின் விமான நிலையக் கவுண்டரில் சீட்டைச் சரிபார்க்கும் தனியார் ஊழியரே முதல் குடிவரவு அதிகாரியாகிவிட்டார். தவறாக ஒருவரைத் தடுத்தால் நிறுவனத்துக்கு அபராதம் இல்லை. தவறாக ஏற்றினால் உண்டு. சந்தேகம் வந்தால் தடுத்துவிடுவதே அவர்களுக்கு லாபம்.

பெர்லின் வழி

மேற்கு ஜெர்மனி 1980இலேயே இலங்கையருக்கு விசா விதித்துவிட்டது என்றாலும் பெர்லினில் ஒரு வழி திறந்தே கிடந்தது. கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்குவோருக்கு அந்நாடு எளிதாக இடைவழி அனுமதி வழங்கியது. அங்கிருந்து நகர ரயிலில் ஏறினால் மேற்கு பெர்லினை அடைந்துவிடலாம். மேற்குப் பக்கத்தில் முறையான பாஸ்போர்ட் சோதனை கிடையாது. சோதனை வைத்தால், நகரின் நடுவே ஓடும் கோடு ஒரு நாட்டின் எல்லைதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்; மேற்கு ஜெர்மனியும் அதன் நேச நாடுகளும் அதை ஒருபோதும் ஏற்கவில்லை. பனிப்போரின் இந்த முடிச்சுக்குள் புகுந்து 1984, 1985இல் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள் மேற்கு பெர்லினுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சோதனை வைக்க முடியாத மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனியோடு பேரம் பேசியது. மேற்கு ஜெர்மனிக்கோ வேறு நாட்டுக்கோ செல்லுபடியாகும் விசா இல்லாத இலங்கைத் தமிழர்களைக் கடந்துபோக விடமாட்டோம் என்று 1985 ஜூலையில் கிழக்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டது. இரு நாடுகளுக்கிடையிலான வணிகத்தில் கிழக்குக்குக் கிடைத்துவந்த வட்டியில்லாக் கடனின் உச்சவரம்பு அதே மாதத்தில் 60 கோடி மார்க்கிலிருந்து 85 கோடி மார்க்காக உயர்ந்தது. 1986 அக்டோபர் முதல் இந்தத் தடை எல்லா நாட்டினருக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு நாட்டுப் பயணிகளின் போக்குவரத்து, இரண்டு அந்நிய அரசுகளின் கடன் பேச்சில் சேர்ந்த கதை இது.

வழிகள் அடைபட்டபின் பயணம் நிற்கவில்லை, ஆபத்து கூடியது. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்துக்கொண்டிருந்த 150க்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து சரக்குக் கப்பலில் ஏற்றப்பட்டு, நடுக்கடலில் படகுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். கனடா அவர்களைத் தங்க அனுமதித்தது.

ஒரே சுவர், ஒரே பட்டியல்

ஷெங்கன் உடன்பாட்டை நடைமுறைப்படுத்தும் விரிவான ஒப்பந்தம் 1989 டிசம்பரில் கையெழுத்தாகவிருந்தது. பெர்லின் சுவர் விழுந்து, கிழக்கு ஜெர்மானியர்களின் நிலை தெளிவில்லாமல் போனதால் தள்ளிவைக்கப்பட்டு, 1990 ஜூன் 19ஆம் தேதி அதே ஷெங்கனில் கையெழுத்தானது. பச்சை வட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு இப்போது 142 பிரிவுகள் கொண்ட ஒப்பந்தமாகியிருந்தது. உள் எல்லைகளை எங்கு வேண்டுமானாலும் சோதனையின்றிக் கடக்கலாம் என்பது அதன் ஒரு தூண். பொது விசா, பொது எல்லைக் கண்காணிப்பு, தேடப்படுவோர் பற்றிய கணினித் தகவல் தளம் ஆகியவை மற்றத் தூண்கள். ஆவணமில்லாத பயணிகளை ஏற்றிவரும் நிறுவனங்களுக்கு அபராதம் என்ற பிரிட்டிஷ் வழிமுறையும் இதில் இடம்பெற்றது. பிரிட்டன் ஷெங்கனில் ஒருபோதும் முழுமையாகச் சேரவில்லை. ஆனாலும் லண்டனும் ஷெங்கனும் 1985இல் தனித்தனியே தொடங்கிய பாதைகள் இந்த ஒப்பந்தத்தில் ஒன்றாயின.

1995 மார்ச் 26ஆம் தேதி ஏழு நாடுகளில் எல்லைச் சாவடிகள் ஓய்ந்தன; முதல் ஐந்துடன் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்திருந்தன. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், விசா கட்டாயமான நாடுகளின் பொதுப் பட்டியலைச் சட்டமாக்கியது. இந்தியாவும் இலங்கையும் அதில் இருந்தன. 2001இல் வந்த விதி, விசா வேண்டும் நாடுகள், வேண்டாத நாடுகள் என்று உலகத்தை இரண்டு பட்டியலாகப் பிரித்தது. முன்பு ஒரு நாடு விசா விதித்தால் பக்கத்து நாட்டை முயன்று பார்க்கலாம். இப்போது ஒரே பட்டியலில் பெயர் இருந்தால் ஒரு கண்டத்தின் பெரும்பகுதி மூடிவிடும். பெயர் நீங்கினால் அத்தனையும் ஒரே நாளில் திறந்துவிடும். ஷெங்கன் நாடுகள் இன்று 29.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதே காலத்தில் இதே தரம்பிரிப்பு நடந்தது. அமெரிக்கா 1986இல் இயற்றிய சட்டம், தேர்ந்தெடுத்த நாடுகளுக்கு விசா விலக்கு அளித்தது. 1988இல் பிரிட்டனும் ஜப்பானும் முதலில் அதைப் பெற்றன. ஒரு நாட்டவரின் சுற்றுலா விசா விண்ணப்பங்களில் நிராகரிக்கப்படுவது 3 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால்தான் அந்த நாடு தகுதி பெறும் என்பது இன்றைய விதி. வருவோர் திரும்பிப் போய்விடுவார்கள் என்ற நம்பிக்கை இங்கே எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது. செல்வமும் உள்நாட்டு அமைதியும் உள்ள நாடுகளே அந்த எண்ணை எளிதில் எட்டும்.

தரவரிசையும் அதன் எல்லையும்

இப்படி உருவான ஏற்றத்தாழ்வை எண்ணிக் காட்டும் பட்டியல்கள் பின்னர் வந்தன. முதலீட்டின் மூலம் குடியுரிமை பெற ஆலோசனை கூறும் ஹென்லி நிறுவனம் 2006 முதல் வெளியிடும் வரிசை அவற்றில் பெயர்பெற்றது. 199 பாஸ்போர்ட்டுகளையும் 227 இடங்களையும் எடுத்துக்கொண்டு, முன்கூட்டி விசா பெறாமல் போகக்கூடிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பெண் தருகிறது. சென்று இறங்கியபின் தரப்படும் விசாவுக்கும் மதிப்பெண் உண்டு. 2024 ஜூலையில் சிங்கப்பூர் 195 இடங்களுடன் முதலிடம் பிடித்தது. இந்தியா 80ஆம் இடத்தை ஒட்டியே பல ஆண்டுகளாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. சிறு தீவு ஒன்றுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரே மதிப்பெண். வேலை செய்யும் உரிமை, குடியேறும் உரிமை ஆகியவை இதில் சேராது. நேபாளத்துக்குப் போகும் இந்தியருக்கு, 1950ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தங்கவும் தொழில் செய்யவும் வழி உண்டு. தரவரிசையில் அது வெறும் ஒன்றுதான். ஷெங்கன் பகுதிக்கு விசா இன்றிப் போகும் அயல்நாட்டவருக்கு 180 நாளில் 90 நாள் தங்க மட்டுமே அனுமதி, அதற்கும் ஒன்றுதான்.

பட்டியலில் இடம் மாறுவதும் அரசுகளின் பேச்சுவார்த்தையாலேயே நடக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2015 மே மாதத்தில் ஷெங்கன் விசா விலக்குப் பெற்று வேகமாக மேலேறியது. மால்டோவா 2014இலும், ஜார்ஜியா, உக்ரைன் ஆகியவை 2017இலும் அதே விலக்கைப் பெற்றன. இந்த மூன்றும் பயோமெட்ரிக் பாஸ்போர்ட்டுக்கு மாறின. அனுமதியின்றித் தங்கிய தம் குடிமக்களைத் திரும்ப ஏற்பதாக ஒப்பந்தம் செய்தன. எல்லைக் காவலைச் சீர்படுத்தின. சுற்றுலா வருவாயை நாடும் நாடுகள் தாமாகவே கதவைத் திறப்பதும் உண்டு. 2023இன் இறுதியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசாவை விலக்கியது அந்த வகை. ஆனால் 1980க்கும் 1986க்கும் இடையில் மேற்கு ஜெர்மனியும் பிரிட்டனும் இந்தியா, இலங்கைப் பாஸ்போர்ட்டுகள்மீது விதித்த விசாக் கட்டுப்பாடு இன்றுவரை விலக்கப்படவில்லை.